இருபத்தெட்டில் ஒரு கட்டிங்

ராத்திரி ஒன்பது மணி. நான் பாத்ரூமில். டேபிள் மேல் கிடந்த என் செல்போன் அடித்திருக்கிறது. மனைவி சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்ததால் முழங்கையாலேயே எடுத்து, முழங்கையாலேயே ஸ்பீக்கரையும் தட்டிவிட்டாள். வீடு பூராவும் கேட்கும்படி ஒரு குரல்:

"சார், உங்களுக்கு இருபத்தெட்டுல ஒரு கட்டிங் போட்டுடவா? இல்ல, இருபத்துநாலு போதுமா?"

துண்டோடு வெளியே வந்தேன். மனைவி இரண்டு மாவுக் கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா பேப்பரைக் கொஞ்சம் கீழே இறக்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா நல்ல மனுஷன்னு நம்பிக்கிட்டு இருந்தேனே மாமா..." என்றாள் அவரிடம். என்னிடம் பேசத் தயாரில்லை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது சார். தமிழ்நாட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஆம்பளைக்குப் போன் வந்து, அதில் ‘கட்டிங்’ என்ற வார்த்தையும் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் அவசர அவசரமாக விளக்கினேன். அந்தக் காலத்தில் ஆடு, மாட்டுக் குடலில்தான் பேட்டுக்கு நரம்பு செய்தார்கள். குடலுக்கு இங்கிலீஷில் கட். அதனால் ஷட்டில் பேட்டுக்கு நரம்பு கட்டுவதற்குக் கட்டிங் என்று பெயர். இருபத்தெட்டு என்பது பவுண்டு, எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்கிற கணக்கு. மற்றபடி நான் பச்சைத் தண்ணீர்.

"பேட்டுக்கா? அந்தப் பழைய பேட்டுக்கா?"

"இல்ல... புதுசு."

"புதுசு எவ்ளோ?"

நிஜமான பதில் பதினைந்தாயிரத்து எண்ணூறு. ஆபீஸில் வந்த அரியர்ஸ் பணம், வீட்டுக்குத் தெரியாமல் வந்து வீட்டுக்குத் தெரியாமலேயே போனது. இதைச் சொல்லியிருந்தால், ‘அதுக்கு நீங்க அந்தக் கட்டிங்கே போட்டிருக்கலாம்’ என்றிருப்பாள்.

"மூவாயிரத்து ஐநூறு" என்றேன்.

"மூவாயிரத்து ஐநூறா! கொசுவாவது அடிக்குமா அது?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பர் மறுபடி மேலே ஏறியது.

எங்கள் ஏரியாவில் காலி மனையெல்லாம் தகரக் கொட்டகையாகி, தகரக் கொட்டகையெல்லாம் ஷட்டில் கோர்ட் ஆகிவிட்டது. காலை ஆறிலிருந்து ஏழு வரை எங்கள் செட்டுக்கு ஒரு கோர்ட். நான், அக்கவுன்ட்ஸ் முரளி, பேங்க் பாஸ்கர், ரயில்வேயில் ரிடையரான சுந்தரம் சார். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்த்திக் என்று ஒரு பையன் வருவான். இருபத்து மூன்று வயசு, கம்ப்யூட்டர் கம்பெனி, காலேஜ் டீமில் ஆடியவன். அவனுக்கு எதிராக நாங்கள் மூன்று பேர் நிற்போம், அப்படியும் தோற்போம்.

எனக்கு புத்தி பிசகினது ஒரு செய்தியைப் படித்த அன்றைக்கு. 2023 ஏப்ரலில் நம்ம சாத்விக் சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் ஒரு சோதனையில் ஸ்மாஷ் அடித்தார். காக் பேட்டை விட்டுக் கிளம்பின வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர். கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. என்னுடைய ஸ்மாஷையும் நீங்கள் பார்க்கவேண்டும். எதிராளி அதைப் பார்த்து, யோசித்து, ஷூ லேஸைக் கட்டி முடித்துவிட்டு வந்து திருப்பி அடிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பேட்தான் என்று எனக்கு உறைத்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் இருபத்து மூன்று வயசும் ஒரு தொப்பையும்கூட இருக்கிறது என்பது உறைக்கவில்லை.

கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒரு கறுப்பு பேட்டை எடுத்து, குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தான். அதில் 4யூ, ஜி5 என்று ஏதேதோ எழுதியிருந்தது. யூ எண் கூடக் கூட எடை குறையுமாம். 3யூ என்றால் 85 கிராமுக்கு மேல், 4யூ என்றால் 80 கிராமுக்கு மேல். ஜி எண் பெரும்பாலான கம்பெனிகளில் கூடக் கூட கைப்பிடி ஒல்லியாகும். சம்பளத்தில் கிரேடு ஏற ஏற கையில் வருவது குறைகிற எங்கள் ஆபீஸ் மாதிரியே இருந்ததால் உடனே புரிந்தது.

"இது ஸ்டிஃப் ஷாஃப்ட் சார், ஹெட் ஹெவி. அட்டாக்கிங் பிளேயருக்குன்னே பண்ணது. நீங்க அட்டாக்கிங் பிளேயரா சார்?"

என்னை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆபீஸிலும் சரி, வீட்டிலும் சரி, நான் ஆடுவது முழுக்க முழுக்க டிஃபென்ஸ். அந்தக் கேள்விக்கே பத்தாயிரம் கொடுக்கலாம்.

"ஆமா" என்றேன்.

பெரிய ஆட்டக்காரர்கள் முப்பது பவுண்டு வரைகூட இறுக்கிக் கட்டுவார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். நான் அடக்கமான ஆள், இருபத்தெட்டு போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்காரப் பையனுக்கு மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும், அதனால்தான் அந்த ஒன்பது மணி போன்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமானால், இந்த பேட் 1995-லேயே வாங்கியிருக்க வேண்டியது.

அப்போது கும்பகோணம் பக்கத்தில் ப்ளஸ் ஒன். எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் பூப்பந்துதான் ராஜா. மஞ்சள் கம்பளிப் பந்து, சைடுக்கு ஐந்து பேர், தஞ்சாவூரிலேயே பிறந்த ஆட்டம் என்று பெருமையாகச் சொல்வார்கள். இறகுப்பந்து ஆடினவர்கள் எங்கள் ஸ்கூலில் நாலே பேர், அதில் நான் கொஞ்சம் தேவலை. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். பி.டி. மாஸ்டர், "சொந்த பேட் இருந்தா கொண்டு வாடா" என்றார். அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். கிராஃபைட் பேட் என்பது அவர் சம்பளத்தில் பெரிய பங்கு. கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பேட்டா ஆடப் போவுது? நீதானே ஆடப் போற?"

யாரோ கொடுத்த அலுமினிய பேட்டோடு போனேன். முதல் ரவுண்டிலேயே 15-3, 15-2. அப்போதெல்லாம் பதினைந்து பாயின்ட் ஆட்டம், சர்வ் போட்டவனுக்குத்தான் பாயின்ட். இந்த 21 கணக்கெல்லாம் 2006-ல் வந்தது. எதிரில் ஆடினவன் கையில் பளபளவென்று கிராஃபைட். பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு கட்டினேன்: நான் தோற்கவில்லை, அலுமினியம் தோற்றது. அந்த முடிவை அன்றிலிருந்து பத்திரமாக வைத்திருந்தேன், ரேஷன் கார்டு மாதிரி. அப்பாவின் அந்த வாக்கியத்தையும்தான். பணம் இல்லாததை மறைக்க அவர் சொன்ன சால்ஜாப்பு என்றே நினைத்திருந்தேன்.

சரி, கோர்ட்டுக்கு வருவோம்.

முதல் நாள் உறையைப் பிரித்ததும் ஒரு நிமிஷம் எல்லோரும் மௌனம். பாஸ்கர் நரம்பை நகத்தால் சுண்டிப் பார்த்தான், ‘டிங்’ என்றது. பிறகு ஆட்டம் ஆரம்பித்தது, மௌனம் தொடர்ந்தது. பின் கோட்டிலிருந்து முழு பலத்தோடு தூக்கி அடிக்கிறேன், காக் நடுக் கோர்ட்டில் தொப்பென்று விழுகிறது. அதை எதிராளி தங்கத்தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி எடுத்து என் காலடியிலேயே போடுகிறான். புது பேட், பழக நாளாகும் என்றேன். ஒரு வாரம் ஆனது. இரண்டு வாரம் ஆனது.

இதில் இன்னொரு கஷ்டம். டபுள்ஸில் நடுவில் வருகிற காக்கை இரண்டு பேரும் அடிக்கப் போய் பேட்டும் பேட்டும் மோதும், ஃபிரேமில் கீறல் விழும், சமயத்தில் உடைந்தே போகும். மூவாயிரம் ரூபாய் பேட் என்றால் வீரமாகப் பாய்வேன். பதினைந்தாயிரத்து எண்ணூறை நீட்டிக்கொண்டு பாய மனசு வருமா? நடுவில் எது வந்தாலும் "உங்களுது!" என்று கத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அட்டாக்கிங் பிளேயர்!

சுந்தரம் சாருக்கு அறுபத்து நாலு வயசு. அவர் பேட்டில் பெயிண்ட் போய், என்ன கம்பெனி என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கைப்பிடியில் பழைய டவல் துணி. கோர்ட் நடுவில் நின்ற இடத்திலேயே நின்று எங்களை நான்கு மூலைக்கும் அனுப்பிக்கொண்டிருப்பார். ஒருநாள் என் பேட்டைக் கேட்டு வாங்கினார். ‘கம்பி மாதிரி இருக்குப்பா’ என்று முகத்தைச் சுளிப்பார், நாமும் மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தேன். மனுஷர் நாலு காக்கைத் தூக்கி அடித்தார். நாலும் பின் கோட்டில் போய் இறங்கின. சத்தமே வேறு.

"அருமையான பேட் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார்.

இதுதான் எனக்கு விழுந்த முதல் அடி.

முரளிக்கு எதையும் கணக்கு எழுதினால்தான் நம்பிக்கை. பின் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் காலி காக் டப்பாவை அடையாளம் வைத்தான். ஆளுக்கு இருபது அடி, பேட்டை மாற்றி மாற்றி. என் பேட்டில் நான் அடித்ததில் டப்பாவைத் தாண்டினது நாலு. முரளியின் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் பேட்டில் நானே அடித்தது பதினொன்று. சுந்தரம் சார் என் பேட்டில் பத்தொன்பது, தன் பேட்டில் பத்தொன்பது. "ஒண்ணு வேணும்னுதான் விட்டேன்" என்றார்.

இரண்டாயிரத்து எண்ணூறில் அடித்தால் ஏன் அதிகம் போகிறது? வெட்கத்தை விட்டுக் கேட்டபோது கார்த்திக்தான் விளக்கினான்.

நரம்பை இறுக்கினால் வேகம் கூடும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அது தலைகீழ். கயிற்றுக் கட்டிலில் குதித்திருக்கிறீர்களா? கயிறு கொஞ்சம் தளர்வாக இருந்தால் தூக்கிப் போடும். அதையே விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டால் பலகையில் குதித்த மாதிரிதான். தளர்ந்த நரம்பு காக்கை உள்வாங்கி, தானே எகிறி அனுப்பும். இறுகின நரம்பு ஒன்றும் தராது, அடிக்கிறவனே எல்லாம் தரவேண்டும். அதற்கு பதிலாக எங்கே அடிக்கிறானோ அங்கே துல்லியமாகப் போகும். அதுவும் நரம்பு வலையின் நடுமையத்தில் பட்டால்தான். இறுக்க இறுக்க அந்த நல்ல இடம் சுருங்கிவிடும். சாத்விக்குக்கு ஒவ்வொரு தடவையும் அங்கே படும். எனக்கு அமாவாசைக்கு அமாவாசை படும்.

தண்டும் அப்படித்தான். பேட்டை வீசும்போது தண்டு பின்னால் வளைந்து, காக்கைத் தொடுகிற நேரத்தில் படக்கென்று நிமிரவேண்டும், சாட்டை மாதிரி. விறைப்பான தண்டை வளைக்க மின்னல் வேகக் கை வேண்டும். என் கை வேகத்துக்கு அது வளையவே இல்லை. நான் அடித்துக்கொண்டிருந்தது கடப்பாரையால். விலை குறைந்த பேட்களில் பல கொஞ்சம் வளைந்து கொடுக்கும், மெதுவாக வீசுகிறவனுக்கும் உதவி செய்யும், தப்பாகப் பட்டாலும் மன்னிக்கும். ஆக, அதிக விலை கொடுத்து நான் வாங்கினது, என் ஒரு தப்பையும் மன்னிக்காத பேட். அப்படி ஒன்று ஆபீஸில் இருக்கிறது, ஒன்பதரை மணிக்கு ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு. அதற்கு நான் காசு கொடுப்பதில்லை.

அதற்காக எல்லா பேட்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஜோடி ஐநூறு ரூபாய்க்கு உறையோடு தொங்குகிறதே, தண்டும் ஃபிரேமும் தனித்தனியாக ஒட்டவைத்தது, அதற்கும் மூவாயிரம் ரூபாய் கிராஃபைட்டுக்கும் உள்ள வித்தியாசம் கழனித்தண்ணிக்கும் காபிக்கும் உள்ளது. மூவாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம்? காபி அதேதான், டம்ளர் வெள்ளி. அந்த டம்ளரிலும் ஒரு விசேஷம் உண்டு, ஆனால் அதைக் கண்டுபிடிக்க சுந்தரம் சார் கை வேண்டும். இந்தோனேஷியாவின் ரூடி ஹார்ட்டோனோ 1968-க்கும் 1976-க்கும் நடுவில் எட்டுத் தடவை ஆல் இங்கிலாந்து பட்டம் ஜெயித்தார். மரமும் இரும்பும் கலந்த பேட்களின் காலம் அது. அவர் கையில் என் பேட்டைக் கொடுத்திருந்தால் ஒன்பதாவதும் வந்திருக்கலாம். அவர் பேட்டை என் கையில் கொடுத்திருந்தால் 15-3, 15-2-தான்.

பாஸ்கர் கட்சி வேறு. "பட்டுப் புடவை கட்டினா வேகமா நடக்க முடியுமான்னு யாராவது கேக்கறாங்களா? ஆசைக்கு வாங்கறதுதானே சார்?" என்றான். இதில் நியாயம் இருக்கிறது. காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன், புது பேட் வந்த பிறகு ஐந்தே காலுக்கே எழுந்து உட்கார்ந்திருந்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு விலை போடலாம். ஆனால் பட்டுப் புடவை கட்டினதால் யாருக்கும் முழங்கை போனதில்லை.

ஆமாம், அது வேறு. ஒன்றரை மாதத்தில் வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் சுருக்கென்று ஒரு வலி. முதலில் பேட் பிடித்தால் மட்டும். பிறகு டம்ளர் பிடித்தாலும். ஒருநாள் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கப்போய், தூக்க முடியாமல் அப்படியே வைத்துவிட்டேன். எழுபத்தெட்டு வயசு அப்பா எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தார். அந்த நிமிஷம் எனக்கு விளையாட்டாக இல்லை.

பிசியோதெரபி அம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "டென்னிஸ் எல்போ" என்றார்.

"நான் டென்னிஸே ஆடினதில்லையே மேடம்."

"எங்கிட்ட இதோட வர்ற முக்காவாசிப் பேர் டென்னிஸ் ஆடினதில்ல. துணி பிழியறவங்க, மவுஸ் பிடிக்கிறவங்க, ஸ்பேனர் முறுக்கறவங்க எல்லாருக்கும் வரும்."

பக்கத்தில் நின்ற என் மனைவி, "நானும்தான் பதினெட்டு வருஷமா பிழியறேன்" என்றாள். துணியைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். மணிக்கட்டைப் பின்னால் தூக்குகிற தசைகள் முழங்கையின் வெளிப்பக்கத்தில் வந்து சேருகின்றன. பேட்டை உயிர்போகிற மாதிரி இறுக்கிப் பிடித்து, லேட்டாக, வெறும் கை பலத்தில் அடித்தால் எல்லா அதிர்ச்சியும் அங்கேதான் போய் உட்காரும். தண்டு விறைப்பு, நரம்பு விறைப்பு என்றால் இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போகும். ஆறு வாரம் ஆட்டம் கட். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெள்ள மெள்ள இறக்கும் பயிற்சி. ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று அதற்கும் பணம். பதினைந்தாயிரத்து எண்ணூறு என்பது பேட்டின் முதல் தவணைதான் என்று அப்போது தெரிந்தது.

அந்த ஆறு வாரமும் சும்மா இருக்க முடியாமல் கோர்ட் ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். சுந்தரம் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பேட்டைப் பிடி பார்க்கலாம்" என்றார். பிடித்தேன். "இது தோசைக்கரண்டி பிடி. தோசை திருப்பலாம், காக்கைத் திருப்ப முடியாது. கை குலுக்கற மாதிரி பிடி. கோழிக்குஞ்சைப் பிடிக்கற அளவுக்குப் பிடி. படற நேரத்துல மட்டும் இறுக்கு" என்றார். 1995-லிருந்து நான் தோசைக்கரண்டிதான் பிடித்திருக்கிறேன். கிராஃபைட் வைத்திருந்த அந்தப் பையன் கை குலுக்குகிற மாதிரிதான் பிடித்திருந்தான் என்று இப்போது ஞாபகம் வருகிறது. அத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த ரேஷன் கார்டு செல்லாது என்று ஆனது அங்கேதான். நல்ல பேட் இல்லாதவரைக்கும் நல்ல பேட் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வாங்கித் தொலைத்த பிறகு என்னத்தைச் சொல்வது?

கார்த்திக் அந்த பேட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் கடன் வாங்கி ஆடிக்கொண்டிருந்தான். அவன் கையில் அது துப்பாக்கி மாதிரி வெடித்தது. "குடுத்துடறீங்களா சார்?" என்று கேட்டான். ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்துவிட்டேன். வாங்கினதும் முதல் காரியமாக நரம்பை இருபத்தாறுக்கு இறக்கிக் கட்டினான்.

அந்தப் பணத்தில் இரண்டாயிரத்து தொள்ளாயிரத்துக்கு ஒரு பேட் வாங்குவது என்று முடிவு. வளைந்து கொடுக்கிற தண்டு, இருபத்து மூன்று பவுண்டு. அப்புறம் ஒரு ஷூ. நடைப்பயிற்சி ஷூவைப் போட்டுக்கொண்டு ஆடி பாஸ்கர் கணுக்காலைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அதன் அடிப்பாகம் உயரமாக, மெத்தென்று நேராக ஓடுவதற்குச் செய்தது, பக்கவாட்டில் பாய்ந்தால் மடங்கும். ஷட்டிலுக்கென்று தட்டையான ரப்பர் அடி வைத்த ஷூ இருக்கிறது. செலவு செய்தே தீரவேண்டும் என்று கை அரித்தால் முதலில் காலுக்குச் செய்யுங்கள். மிச்சம் கோச்சுக்கு, ஒரு மாதம். பொடிப் பசங்களோடு வரிசையில் நின்று கை குலுக்கக் கற்றுக்கொள்ள.

திட்டமெல்லாம் சரியாகத்தான் போட்டேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். கார்த்திக் பணத்தைப் போனில் அனுப்பினான். போன் டேபிள் மேல். மனைவி பக்கத்தில்.

"என்னங்க, ஒன்பதாயிரம் வந்திருக்கு? ‘ஃபார் பேட்’னு போட்டிருக்கு?"

"அது... கார்த்திக்... அந்த பேட்டைக் கேட்டான், குடுத்துட்டேன்."

"எந்த பேட்? அந்த மூவாயிரத்து ஐநூறு ரூபா பேட்டா?"

தொண்டையில் ஏதோ அடைத்தது. "ஆமா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்ல? கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு மரியாதையை அந்தக் கண்களில் நான் பார்த்ததில்லை.

"ரெண்டே மாசம் அடிச்சுட்டு, ஐயாயிரத்து ஐநூறு லாபத்துக்கா வித்தீங்க? உங்களுக்குள்ள இப்படி ஒரு சாமர்த்தியமா? பேசாம இன்னும் நாலு வாங்கிப் போடுங்களேன்!"

ஹாலில் பேப்பருக்குப் பின்னால் அப்பா இருமினார். ரொம்ப நேரம் இருமினார்.